துப்பாக்கிக்கு இட்ட சந்தனம்

குறிசுடுவோர் அணியும் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார இயலாது என்பதை, அதை வாங்கிய பிறகே அறிந்தேன். தடித்த கித்தானையும் தோலையும் சேர்த்துத் தைத்த அந்த ஆடை, நிற்பவனை நிமிர்த்தி நிறுத்துவதற்கென்றே படைக்கப்பட்டது. வந்த அன்றே அதை அணிந்து, அதற்கிணையான கால்சட்டையையும் பலகைபோல் தட்டையான அடியுடைய காலணிகளையும் பூண்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்து காட்டினேன். போர்க்களம் புகும் வீரனின் நடையை மனத்தில் வைத்து நடந்தேன். கண்ணாடியில் தெரிந்ததோ, முழங்கால் மடங்காத ஒரு பெரிய வாத்து.

“ஏனுங்க, இந்தக் கோலத்துல காரு எப்படி ஓட்டுவீங்க?” என்றாள் என் மனைவி பங்காரம்மா. “நின்னுட்டே போறதுன்னா காந்திபுரம் போய் டவுன் பஸ்தான் ஏறோணும்.”

“இதைச் சுடுற இடத்துக்குப் போய்த்தான் போடுவாங்க.”

“அப்ப இங்க எதுக்குப் போட்டீங்க?”

காலணிகளைக் கழற்றக் குனிந்தேன். சட்டை குனிய விடவில்லை.

பீளமேட்டில் பம்ப்செட்டுகளுக்கு வார்ப்புப் பாகங்கள் செய்யும் சிறிய ஆலை ஒன்றின் உரிமையாளன் நான். மார்கழி முழுவதும் எங்கள் பகுதிப் பெருமாள் கோயிலில் பாசுரங்களுக்குப் பொருள் சொல்வேன். மற்ற மாதங்களில், கேட்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பழம்பாடல்களுக்குப் பொருள் சொல்வேன். ஐம்பத்தாறாம் வயதில் என் இரத்தத்தில் சர்க்கரை ஏறியதைக் கண்ட மருத்துவர், மனத்தை ஒருமுகப்படுத்தும் பொழுதுபோக்கு ஒன்று தேவை என்றார். என் வயதினர் ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடந்தார்கள். நான் ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். ஒரே அம்பால் களிற்றை வீழ்த்திய வில்லாளிகளை நாற்பது ஆண்டுகளாக வாயாரப் புகழ்ந்தவன், ஒருமுறையேனும் கையால் ஒரு குறியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எண்ணியது இயல்பே. அவ்வில்லாளிகளில் எவருக்கும் சர்க்கரை இருந்ததாகப் பாடல்களில் குறிப்பில்லை என்பதை அப்போது நான் கருதவில்லை.

எங்கள் விளையாட்டு காற்றுத் துப்பாக்கியால் ஆடப்படுவது. அடைபட்ட காற்று, மிளகளவான ஈயக் குண்டு ஒன்றை உந்தித் தள்ளும். பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கின் நடுப்புள்ளிக்குப் பத்து மதிப்பெண். அதிலிருந்து விலக விலக ஒன்பது, எட்டு, ஏழு. யானையும் இல்லை, புலியும் இல்லை. ஒரு கரும்புள்ளியும் அதன்முன் நடுங்கும் ஒரு கையும்தான்.

கருவிகளைச் சேர்ப்பதில் நான் குறை வைக்கவில்லை. சோமனூரில் விசைத்தறி நடத்தும் ஒருவர், தம் மகன் சுடுவதை விட்டுவிட்டதால், வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அன்றே போய் வாங்கினேன். அது உலகத்தரமான கருவி என்றார் அவர். உண்மை. அதைப் பிடித்திருந்தவனின் தரத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கையுறை, பக்கப் பார்வையைத் தடுக்கும் கண்மறைப்பு, குழலைத் துடைக்கும் கம்பி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. குண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் ஒரே இடத்தில் போய் விழும் என்று எங்கோ படித்தேன். வார்ப்பாலை நடத்துபவன் இதைப் படித்தபின் சும்மா இருப்பானா? ஆலையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு குண்டாக அளந்து பிரித்தேன்.

“கடுகு பொறுக்கறீங்களா?” என்று எட்டிப் பார்த்தாள் பங்காரம்மா.

“முடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் குறி தப்பும்.”

“நேத்து எவ்வளவு தப்புச்சு?”

நேற்று இலக்கையே தவறவிட்டு, அதைத் தாங்கும் சட்டத்தில் சுட்டிருந்தேன். முடியின் பங்குகளால் அதை விளக்க முடியாது.

எங்கள் பயிற்சியாளர் லோகப்பிரியா, இருபத்தேழு வயதுப் பெண். தேசியப் போட்டிகளில் சுட்டவர். என் துப்பாக்கியை ஒரு நாள் பார்த்தார். என்னை மூன்று மாதம் பார்த்தார். மூச்சை அடக்குவதற்கு நான் ஒரு வழி கண்டிருந்தேன். பாசுரம் ஒன்றின் ஈரடிகளை மனத்துக்குள் சொல்வேன். முதலடியில் மூச்சை விடுவேன்; இரண்டாமடியில் நிறுத்துவேன்; ஈற்றுச் சீரில் விசையை இழுப்பேன். பக்தியும் பயிற்சியும் ஒன்றாகக் கலந்த இம்முறையை உலகுக்கு அறிவிக்கும் நாளையும் எதிர்பார்த்திருந்தேன்.

“சார், நீங்க ஏதோ பாடறீங்க இல்லீங்களா?” என்றார் அவர்.

“மனசுக்குள்ளதானம்மா.”

“அது உங்க கைக்குக் கேக்குதுங்க. பாட்டு எங்க முடியும்னு அதுக்குத் தெரியும். முடியறதுக்கு முன்னாடியே தோள் இறுகிப் போயிருது. எப்ப வெடிக்கும்னு கைக்கே தெரியக் கூடாதுங்க சார். மெதுவா அழுத்திட்டே போகோணும், அது பாட்டுக்கு வெடிக்கோணும்.”

குற்றம் முறையில் இல்லை, அடியின் நீளத்தில்தான் என்று நான் முடிவு செய்தேன். மறுவாரம் நெடிய அடிகளையுடைய வேறொரு பதிகத்துக்கு மாறினேன். ஈற்றுச் சீர் வருமுன் கண் இருண்டு, சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன்பின் அவர் சொன்னபடி, வீட்டில் வெள்ளைச் சுவரை நோக்கி நின்று, குண்டே இல்லாமல் வெறும் விசையை நாள்தோறும் இழுத்தேன். பங்காரம்மா நான் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பெருக்கிச் சென்றாள். ஓராண்டு முடிவதற்குள் என் குண்டுகள் எட்டிலும் ஒன்பதிலும் தங்கத் தொடங்கின. எப்போதாவது ஒன்று தெரியாமல் பத்தில் போய் விழும். விழுந்ததும் இருபுறமும் திரும்பி, யார் பார்த்தார்கள் என்று பார்ப்பேன்.

பார்த்தவர் பெரும்பாலும் இல்யாஸ். உக்கடத்தில் கீல், தாழ்ப்பாள், கைப்பிடி விற்கும் கடை அவருடையது. எனக்கு அடுத்த தடத்தில் நின்று சுடுவார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். என்னிடம் இருந்ததில் பாதிக் கருவிகள்கூட அவரிடம் இல்லை. ஆனால் ஒன்பதரை ஆண்டுகளாகச் சுடுகிறவர். மாநிலப் போட்டியில் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்பது அவருக்கிருந்த ஒரே ஆசை. கொங்கு மண்டலத் தேர்வில் முதலிரண்டு இடம் பெறும் மூவர் அணிகளே அங்கே போக முடியும். அணி சேர்த்து முயன்ற முதல் ஆண்டு ஒருவருக்கு அம்மை போட்டது. அடுத்த ஆண்டு ஒருவர் தப்பான நாளில் வந்து நின்றார். இவ்வாண்டு ஒருவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். எஞ்சியவர்கள் இல்யாஸும், பல் மருத்துவரான இளைஞன் வம்சியும். மூன்றாமவர் வேண்டும். கிளப்பில் நன்றாகச் சுடுவோர் வேறு அணிகளில் இருந்தார்கள். நான் எந்த அணியிலும் இல்லை.

“அரங்கண்ணா, நீங்க பத்து அடிக்க வேண்டாங்க,” என்றார் இல்யாஸ். “எட்டை விட்டுக் கீழ எறங்காம இருந்தீங்கன்னாப் போதுங்க. மேல நானும் வம்சியும் பாத்துக்கறம்.”

“இவ்வளவு தாழ்வா மதிப்பிட்டுட்டீங்களே பாய்.”

“மதிப்பு இருக்கறதுனாலதாங்க கேக்கறேன். இந்த வருசமும் போகலைன்னா, துப்பாக்கிய வித்துப்போட்டு ஞாயித்துக்கிழமைல ஊட்ல இருக்கறேன்னு சாஜிதாகிட்ட வாக்குக் குடுத்துட்டனுங்க. அவளும் பாவம். கல்யாணம், காச்சின்னு எல்லாம் ஞாயித்துக்கிழமைலதான வருது. தனியாவே போயிட்டு வந்துட்டிருக்கறா.”

ஆக, என் தோளில் கிடந்தது என் துப்பாக்கி மட்டுமன்று, அவருடையதும்தான். அதை உணர்ந்தேன். உணர்ந்ததோடு நிற்காமல், அதற்குத் தெய்வத் துணையும் சேர்க்கத் துணிந்தேன். அங்கேதான் பிழை நேர்ந்தது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக ஆயுதபூஜை வந்தது. எங்கள் ஊரில் அந்நாளில் சந்தனம் பெறாத இயந்திரம் கிடையாது. லேத்துக்கும் கிரைண்டருக்கும் ஸ்கூட்டருக்கும் கணினிக்கும் பொட்டு வைப்போம். தலைமுறை தலைமுறையாக ஸ்பேனரையும் சுத்தியலையும் ஆயுதம் என்று பெயரிட்டு வணங்கிவரும் குடும்பத்தில், மெய்யான ஆயுதம் ஒன்று இப்போதுதான் முதன்முறையாகப் புகுந்திருந்தது. என் உற்சாகத்துக்கு எல்லை இல்லை. கிளப்பின் செயலாளர் கோவிந்தராஜுலுவிடம் பேசி, எல்லார் துப்பாக்கிகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பூஜை செய்ய ஏற்பாடு செய்தேன். வாழைக்கன்று கட்டினோம். சந்தனத்தை நானே கல்லில் இழைத்து, பன்னீர் விட்டுக் குழைத்தேன். படைக்கலத்தைப் போற்றிய நம் முன்னோரின் மரபைப் பற்றி உரையும் ஆற்றினேன். சுண்டல் ஆறிவிடும் என்று கோவிந்தராஜுலு இருமுறை நினைவூட்டினார்.

பின்னர் வரிசையாகப் பொட்டிட்டு வந்தேன். இல்யாஸ் தம் துப்பாக்கியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“நம்மளுதுக்குப் பொட்டு வேண்டாங்கண்ணா,” என்றார் சிரித்துக்கொண்டு. “அதுக்குப் பதிலா சுண்டல் ரெண்டு பொட்டலமா குடுத்துருங்க, கணக்கு நேராப் போச்சு.”

லோகப்பிரியா மட்டும் என் கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், கட்டைல வைங்க, குழல்ல வைங்க. கண்துளைப் பக்கம் மட்டும் போயிராதீங்க.”

கண்துளை என்பது துப்பாக்கியின் பின்முனையில் கண்ணுக்கு நேரே அமைந்த சிறிய ஓட்டை. அதன் வழியாகத்தான் இலக்கைப் பார்க்க வேண்டும். குண்டூசி புகும் அளவே இருக்கும். ஆனால் குறி முழுவதும் அதைப் பொறுத்தது. எனக்கோ, மற்ற இடமெல்லாம் பொட்டிட்டு அங்கே இடாமல் விடுவது, திருமேனி முழுதும் அலங்கரித்து நெற்றியை வெறுமையாக விட்டதுபோல் தோன்றியது.

“உள்ளே வைக்க மாட்டேனம்மா. ஓரத்துல, உலோகத்து மேலதான்,” என்றேன்.

அவரை யாரோ தொலைபேசியில் அழைக்க, வெளியே போனார். நான் ஒவ்வொரு கண்துளையின் ஓரத்திலும் மோதிரவிரலால் மென்மையாக ஒரு பொட்டு வைத்தேன். பன்னீர் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. இளகிய சந்தனம் ஓரத்திலேயே நிற்குமா, உள்ளே வழியுமா என்பதை நான் எண்ணவில்லை. வார்ப்பாலையில் உருகிய இரும்பு எந்தச் சந்துக்குள் வழியும் என்பதை முப்பது ஆண்டுகளாகக் கணித்துவருபவன் நான்.

பூஜையில் வைத்த பொருளின் பொட்டை எங்கள் பக்கத்தில் யாரும் துடைப்பதில்லை. அது தானே காய்ந்து, தானே உதிர வேண்டும். தை பிறந்தபின்னும் சந்தனத் தடத்தோடு அவினாசி சாலையில் ஓடும் லாரிகளை எவரும் பார்க்கலாம். ஆகவே எங்கள் துப்பாக்கிகளையும் எவரும் துடைக்கவில்லை. விஜயதசமியன்று அவற்றை எடுத்து, பையில் இட்டு மூடினோம். மறுநாள் தேர்வு.

தேர்வு எங்கள் கிளப்பிலேயே நடந்தது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, ஈரோடு என்று பல ஊர்களிலிருந்தும் அணிகள் வந்திருந்தன. ஈரோட்டிலிருந்து வந்த சைதன்யா என்பவர் நடுவர். சிரிப்பைச் செலவிடாத மனிதர். “பேசக் கூடாது. முதல் முறை எச்சரிக்கை; மறுமுறை மதிப்பெண் குறைப்பு,” என்று தொடக்கத்திலேயே சொன்னார். எனக்கு வலப்பக்கத் தடத்தில் இல்யாஸ். அவருக்கும் அப்பால் வம்சி. ஒவ்வொருவர் அருகிலும் ஒரு சிறு திரை, குண்டு விழுந்த இடத்தைக் காட்டும். பின்புறச் சுவரிலிருந்த பெரிய திரையில் எல்லார் மதிப்பெண்களும் ஓடும்.

முதலில் கணக்கில் சேராத சோதனைக் குண்டுகள். என்னுடையவை எல்லாம் வலப்புறம் தாழ்ந்து ஒரே இடத்தில் கொத்தாகச் சென்று விழுந்தன. அத்தனை நெருக்கமான கொத்தை நான் அதுவரை சுட்டதே இல்லை. பூஜையின் பலன் என்று நெஞ்சு நிறைந்தது. கொத்து இடம் மாறியிருந்தால், கண்துளையை நகர்த்தும் குமிழைத் திருகி நடுவுக்குக் கொண்டுவரலாம், அதுதான் முறை. திருகினேன். போட்டி தொடங்கியது. ஒன்பது, ஒன்பது, பத்து, ஒன்பது. என்னைப் போன்றவனின் திரையில் அத்தகைய எண்கள் தோன்றுவதைக் கண்டு, பின்னால் அமர்ந்திருந்த லோகப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும் என்றவரை வலக்கண்ணின் ஓரத்தால் பார்க்க முயன்றேன். கண்மறைப்பு தடுத்தது.

பாதிக்கு மேல் ஆனதும், குளிரூட்டிய காற்று தன் வேலையைச் செய்தது. ஏழு. அடுத்தது ஆறு. இரண்டும் இடப்புறம் உயர்ந்து விழுந்தன. மூச்சைச் சீராக்கினேன். மீண்டும் ஆறு, அதே இடத்தில். என் தோள் இறுகவில்லை, கை நடுங்கவில்லை, பாசுரமும் இல்லை. துப்பாக்கியைத் தாழ்த்தினேன். கன்னம் படும் கட்டையின்மேல், நகத்துணுக்கு அளவில், மஞ்சளாக ஏதோ கிடந்தது. எடுத்தேன். மணத்தது.

அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. துளைக்குள் வழிந்து ஒரு பக்கத்தை அடைத்திருந்த சந்தனம் என் பார்வையைச் சாய்த்திருக்கிறது. அந்தச் சாய்வுக்கு ஏற்பத்தான் நான் குமிழைத் திருகியிருக்கிறேன். இப்போது அது காய்ந்து உதிர்ந்துவிட்டது. சாய்வு போயிற்று, திருகல் நிற்கிறது. கைக்குட்டையின் முனையால் மிச்சத்தைத் துடைத்து, குமிழைப் பின்னுக்குத் திருகினேன். இதையெல்லாம் ஓசையின்றிச் செய்ய முடிந்தது. என் மானமும் ஓசையின்றித் தப்பியிருக்கும்.

திரும்பிப் பின்சுவர்த் திரையைப் பார்த்தேன். இல்யாஸின் வரிசையில் பத்துகள் நின்றன. வம்சியின் வரிசையில் அதுவரை பத்தும் ஒன்பதுமாக இருந்தவை ஏழாக இறங்கி, இப்போது ஆறில் நின்றன. என் மோதிரவிரல் தொட்ட துப்பாக்கிதானே அதுவும்.

முதலில் சைகை செய்தேன். என் கண்ணைத் தொட்டுக் காட்டி, நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் காற்றில் விரலை அசைத்தேன். வம்சியின் பக்கவாட்டுப் பார்வையைக் கண்மறைப்பு மூடியிருந்தது. பார்த்தவர் நடுவர்தான். நான் வணங்குவதாக அவர் எண்ணியிருக்கக்கூடும். வம்சி மீண்டும் சுட்டான். ஆறு. அந்த எண் என்னை நோக்கி வளர்ந்துகொண்டே போவதுபோல் இருந்தது. அப்படியே இன்னும் சில குண்டுகள் போனால் இல்யாஸின் துப்பாக்கி விலைக்கு வந்துவிடும்.

“வம்சி! சந்தனம்! ஓட்டைக்குள்ள சந்தனம்!” என்று கத்தினேன்.

ஊசி விழுந்தாலும் கேட்கும் கூடத்தில் அது எதிரொலித்தது. மறுகணம் வரிசை நெடுகிலும், எங்கள் கிளப்பைச் சேர்ந்தவர் அனைவரும் துப்பாக்கியைத் தாழ்த்திக் கண்துளைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஊதினார். ஒருவர் தலைமுடி ஊசி ஒன்றை எடுத்தார். வம்சி, தொழிலுக்கேற்றபடி, பையிலிருந்து பல்லிடுக்குக் குத்தும் கம்பியை எடுத்துத் துளைக்குள் விட்டான். இல்யாஸ் மட்டும் திரும்பவே இல்லை. அடுத்த குண்டைச் சுட்டார். பத்து.

சைதன்யா என் அருகில் வந்து மஞ்சள் அட்டையை நீட்டினார். “இது எச்சரிக்கைங்க.”

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று; கேட்க வேண்டியவன் கேட்டாயிற்று. ஆனால் மூலத்தைச் சொல்லிவிட்டு விளக்கம் சொல்லாமல் விடுவது என் பழக்கத்தில் இல்லை.

“சரிங்க. ஆனா அவரு திருகின குமிழையும் பின்னுக்குத் திருகோணும்ங்க. பன்னீர் விட்டுக் குழைச்சதுனால உள்ள வழிஞ்சிருக்குது. ஒரு பக்கமாத்தான் அடைச்சிருக்கும். அதனால—”

நடுவர் இன்னோர் அட்டையை எடுத்தார். அது பச்சையாக இருந்தது. பச்சை என்றால் நம் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார் போலும் என்று ஒரு கணம் மகிழ்ந்தேன்.

“ரெண்டு மார்க் கொறைப்புங்க,” என்றார்.

பின்னால் லோகப்பிரியா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

வம்சி மீண்டான். நானும் ஓரளவு மீண்டேன். எஞ்சிய குண்டுகளில் ஒன்றுகூட எட்டுக்குக் கீழே இறங்கவில்லை. முடிவு திரையில் வந்தது. பொள்ளாச்சி முதலிடம். உடுமலைப்பேட்டை இரண்டாமிடம். நாங்கள் மூன்றாமிடம், அவர்களைவிட ஒரே ஒரு மதிப்பெண் குறைவாக.

“முதல் தடவை நீங்க சந்தனம்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சுங்க அங்கிள்,” என்றான் வம்சி. குற்றம் சாட்டும் நோக்கம் அவனுக்கு இல்லை. அதுவே கூடுதலாக வலித்தது.

இல்யாஸ் துப்பாக்கியைத் துடைத்து, பாகம் பாகமாகக் கழற்றி, பெட்டிக்குள் அடுக்கி, பூட்டினார். நான் அருகில் போய் நின்றேன். சட்டை வளையாததால் அமர்ந்து ஆறுதல் சொல்லக்கூட முடியவில்லை.

“பரவால்லீங்கண்ணா,” என்றார். “ஊட்டுக்குப் பாத்துப் போங்க.”

எங்கள் ஊரில் கோபத்தைக் கண்டறிவது கடினம். மரியாதை எப்போதும் ஒரே அளவில் இருக்கும். சில வேளைகளில் மட்டும் சற்றுக் கூடும். அன்று கூடியிருந்தது.

அடுத்த ஞாயிறு என் வலப்பக்கத் தடம் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. இல்யாஸ் துப்பாக்கியை வாங்க ஆள் தேடுகிறார் என்று வம்சி சொன்னான். அன்று என் குண்டுகள் எங்கே விழுந்தன என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பங்காரம்மாவிடம் சொன்னேன்.

“அவருகிட்டப் பேசி என்ன பண்றது? வாக்குக் கேட்டவங்க அவரு சம்சாரமுங்க,” என்றாள் அவள். “அங்க போங்க. போய் நடந்ததை அப்படியே சொல்லுங்க. வெளக்கம் சொல்லாதீங்க.”

மாலையில் உக்கடத்துக்குப் போனேன். கடைக்கு மேல்மாடியில் வீடு. இல்யாஸ் கதவைத் திறந்து, சற்றுத் தயங்கி, உள்ளே அழைத்தார். அவர் மனைவி சாஜிதா பேகம் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். அவர்கள் மகள் ஆஃப்ரின் ஒரு மூலையில் படித்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, இவரு துப்பாக்கிய விக்கக் கூடாதுங்க. தோத்தது இவரால இல்லை,” என்று தொடங்கினேன்.

“இவருதானுங்கண்ணா சொன்னாரு, ஒரு மார்க்குல போச்சு, நான் இன்னும் நல்லாச் சுட்டிருக்கோணும்னு.”

இல்யாஸைப் பார்த்தேன். அவர் தேநீரைப் பார்த்தார். என் பெயரை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. இரண்டு வாரமாக, நான் இழந்த மதிப்பெண்ணைத் தம் கணக்கில் எழுதி வைத்திருந்திருக்கிறார்.

பிறகு சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். சந்தனம் இழைத்ததையும், லோகப்பிரியா தடுத்ததையும், ஓரத்தில்தான் என்று நான் சாதித்ததையும் சொன்னேன். சாஜிதா பேகம் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். துளைக்குள் வழிந்தது என்றதும் அவர் தோள்கள் குலுங்கின.

“ஓட்டைக்குள்ளயேங்களா?”

“ஓட்டைக்குள்ளயேதானுங்க. எல்லார்த்துலயும்.”

“எல்லார்த்துலயுமா! ஏய் ஆஃப்ரின், புத்தகத்தை அக்கட்டால வெச்சுட்டு இங்க வா. அண்ணா, மொதல்ல இருந்து சொல்லுங்க.”

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். காற்றில் பொட்டு வைத்து வம்சிக்குச் சைகை காட்டிய இடத்தில் எழுந்து நின்று நடித்துக் காட்டும்படி ஆஃப்ரின் கேட்டாள். காட்டினேன். பச்சை அட்டையைப் பார்த்து மகிழ்ந்த இடத்தில் சாஜிதா பேகம் கண்ணில் நீர் வர, எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டார். அங்கிருந்தும் சிரிப்பொலி வந்தது. இல்யாஸ் மட்டும் உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை பன்னீர் என்ற சொல்லைக் கேட்டபோது அவரும் உடைந்தார்.

சாஜிதா பேகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“நான் இவரு சோம்பேறித்தனமா ஏதோ பண்ணி விட்டுட்டாருன்னு நெனச்சனுங்க. இப்படின்னா அது வேற கதை,” என்றார். “சரி, போகட்டும். இன்னொரு வருசம் சுடட்டும்.”

“ரொம்ப சந்தோசங்க தங்கச்சி.”

“ஆனா ஒண்ணுங்கண்ணா.”

“சொல்லுங்க.”

“அந்த மூணாவது ஆளு நீங்களா இருக்கக் கூடாதுங்க.”

இல்யாஸைப் பார்த்தேன். மூன்று ஆண்டு ஆசை மீண்டும் கைக்கு வந்த மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்காக ஒரு சொல் சொல்வார் என்று காத்திருந்தேன். பழகிய பழக்கத்துக்கு, அவர் என்னை எந்த அளவில் மதிக்கிறார் என்று மனைவியிடம் எடுத்துரைப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிறிது யோசித்தார். பின்னர் மேசைமேல் இருந்த தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

“பிஸ்கட் எடுத்துக்குங்கண்ணா,” என்றார், மிகுந்த மரியாதையோடு.

எடுத்துக்கொண்டேன்.